ஷரீபின் பாட்டும் தமிழ் வீட்டுப் பிள்ளையும்

நம் முன்னோர் ‘தண்டு’ என்று அழைத்த பெங்களூர் இராணுவக் குடியிருப்பு 1809ஆம் ஆண்டில் அமைந்தது. சென்னை இராசதானியிலிருந்து படையோடு வந்தவர்களும், படைக்குப் பொருள் விற்க வந்தவர்களும், கட்டட வேலைக்கு வந்தவர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேர் கொண்டன. பின்னர் எழுந்த ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் முதலிய பகுதிகளில் அக்குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர். ரிச்சர்ட்ஸ் டவுன் தெரு ஒன்றில் மாலையில் நடந்து செல்வோர் ஒரு வீட்டில் தமிழ் ஞானப்பாட்டைக் கேட்கலாம். அடுத்த வீட்டில் ஆங்கிலோ இந்தியர் ஒருவர் கிதாரை மீட்டி அமெரிக்க நாட்டுப்புறத்தின் ‘கன்ட்ரி’ இசையைப் பாடக் கேட்கலாம். நவம்பர் மாதமாயின் இராச்சியோற்சவப் பந்தலிலிருந்து கன்னடப் பாவகீதமும் காதில் விழும். இவற்றுள் நம் பாட்டு எது என்று பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் தயங்காமல் தமிழ்ப்பாட்டைச் சுட்டுவர். அவ்விடை உண்மையே, ஆயினும் முழுமையானதா என்பதில் ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தை எழுப்பிய ஓர் இசைத்தொகுப்பைத் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தொகுப்பு, பாடகர் ரகு தீட்சித் 2008ஆம் ஆண்டில் தம் பெயரையே தலைப்பாகச் சூட்டி வெளியிட்டதாகும். அவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். நாசிக்கில் பிறந்து மைசூரில் வளர்ந்தவர். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பயின்றார். பரத நாட்டியமும் கற்றார். இந்தி இசையமைப்பாளர்களாகிய விஷால், சேகர் இருவரும் தொடங்கிய நிறுவனம் இத்தொகுப்பை வெளியிட்டது. பாடல்கள் எட்டு. அவற்றுள் நான்கு இந்தி, இரண்டு ஆங்கிலம், இரண்டு கன்னடம். தமிழ் ஒன்றும் இல்லை. தமிழ் மலரில் இதைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தல் வேண்டும். அந்த இல்லாமையே நாம் பேசவேண்டிய பொருள்களுள் ஒன்று.

நாட்டுப்பாடலைக் கற்றோர் எடுத்தாள்வது நமக்குப் புதிதன்று. இளங்கோவடிகள் மீனவர் கடற்கரையில் பாடிய வரியையும், ஆயர்மகளிர் கைகோத்தாடிய குரவையையும், பெண்டிர் நெல் குற்றுங்கால் பாடிய வள்ளைப்பாட்டையும் காப்பியத்துக்குள் கொணர்ந்தார். மாணிக்கவாசகர் அம்மானை, பொற்சுண்ணம், சாழல், ஊசல் என மகளிர் விளையாட்டுப் பாட்டுக்களில் சிவபெருமானை வைத்தார். பாரதியார் கும்மியிலும் நொண்டிச் சிந்திலும் நாட்டு விடுதலையைப் பாடினார். மூவர் செயலிலும் ஒரு பொதுமை உண்டு. அவர்கள் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மக்களை விட்டுவிடவில்லை. கானல்வரியைப் படிப்போர் நெய்தல் நிலத்து மணலை மிதித்தே செல்லவேண்டியுள்ளது. ஆகவே, நாட்டுப்பாடலைப் புதிய மேடைக்குக் கொண்டு செல்லும் எவரையும் நாம் ஒரு வினாவால் அளக்கலாம்: பாட்டோடு அதன் மண்ணும் சென்றதா, அன்றி மேற்பூச்சு மட்டும் சென்றதா?

இவ்வளவுகோலை ரகு தீட்சித்தின் தொகுப்பில் வைத்துப் பார்க்கும்போது, இரண்டு கன்னடப் பாடல்களே முதலில் நம்மை நிறுத்துகின்றன. இரண்டும் சிசுநாள ஷரீப் இயற்றியவை. வடகர்நாடகத்தில், இன்றைய ஹாவேரி மாவட்டத்தைச் சேர்ந்த சிசுநாளம் என்னும் சிற்றூரில் 1819இல் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து 1889இல் மறைந்தவர் அவர். கோவிந்தபட்டர் என்னும் அந்தணரைக் குருவாகக் கொண்டவர். உழவரும் நெசவரும் பேசும் வடகர்நாடக வழக்கில் தத்துவத்தைப் பாடியவர். தம் ஊர்த் தெய்வத்தின் பெயரையே பாடல்களில் முத்திரையாக வைத்தவர். நமக்கு இவரை அறிமுகப்படுத்த நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. தொண்டியை அடுத்த குணங்குடியில் 1792இல் பிறந்து, சென்னையில் 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவை நினைத்தால் போதும். இசுலாமிய நெறியில் நின்று சித்தர் மொழியில் பாடிய அப்பெரியாருக்கு, ஒரு தலைமுறை கழித்துக் கன்னட நாட்டில் தோன்றிய உடன்பிறப்பு என ஷரீபைக் கூறலாம்.

‘குடுகுடிய சேதி நோடோ’ என்பது முதற்பாடல். குடுகுடி என்பது நீர் ஊற்றிப் புகைக்கும் ஹுக்கா. ஒருவன் மற்றொருவனைப் புகைக்க அழைக்கும் களியாட்டப் பாட்டாகவே அது தொடங்குகிறது. உள்ளே செல்லச் செல்ல மனம் பையாகிறது. மோகம் நறுக்கவேண்டிய சரக்காகிறது. அறிவு சிலும்பியில் இடும் நெருப்பாகிறது. பாம்பாட்டிச் சித்தர் பாம்பை ஆட்டுவது போலத் தொடங்கி ஆட வேண்டியது பாம்பன்று என்று உணர்த்தும் முறைக்கு இது முற்றும் ஒத்தது.

‘சோருதிஹுது மனிய மாளிகி’ என்பது இரண்டாம் பாடல். இத்தலைப்பைத் தமிழர் ஒருவர் மெல்லச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். கன்னடத்தில் ‘சோரு’ என்றால் ஒழுகுதல். கண்ணீர் சோர்ந்தது என்று நாம் எழுதும் சோர்தலே அது. ‘மனெ’ நம்முடைய மனை. ‘மாளிகி’ நம்முடைய மாளிகையோடு உறவுடைய சொல். அங்கே வீட்டின் மேல்தளத்தைக் குறிக்கிறது. வீட்டின் கூரை ஒழுகுகிறது, அறியாமையால் ஒழுகுகிறது, செப்பனிடுவார் இல்லை, இருளில் ஏறிச் சரிசெய்யவும் இயலவில்லை என்பது பாட்டின் பொருள். வீடு என்றது உடம்பை. கடுவெளிச் சித்தரின் உடைந்த தோண்டியை அறிந்தவருக்கு இந்த ஒழுகும் வீட்டை விளக்கவேண்டியதில்லை. நாற்பது ஆண்டுகள் இவ்வூரில் வாழ்ந்தும் கன்னடம் நமக்குப் புரியாது என்று சொல்லிக்கொள்ளும் நம்மவர் பலர், இந்த மூன்று சொற்களைக் கேட்டால் நாணுவர்.

இனிப் பாடிய முறையைக் காண்போம். ஷரீபின் பாடல்களைக் கன்னட மக்களிடையே பெரிதும் பரப்பியவர் சி. அசுவத். நாகாபரணா இயக்கி 1990இல் வெளிவந்த ‘சந்த சிசுநாள ஷரீபா’ திரைப்படத்திற்கு இசையமைத்தவரும் அவரே. அவர் குரலில் இப்பாடல்கள் தனியொருவன் வெட்டவெளியில் நின்று கூவுவன போல ஒலிக்கும். ரகு தீட்சித் அவ்வழியில் செல்லவில்லை. அவர் கிதாரை முன்னிறுத்துகிறார். அக்கிதாரின் ஓட்டத்தில் தண்டுப் பகுதி நெடுங்காலமாகக் கேட்டுப் பழகிய மேனாட்டு நாட்டுப்புற இசையின் சாயல் இருக்கிறது. வயலினும் தாளக்கருவிகளும் அதனோடு சேர்கின்றன. மேடையில் வண்ண லுங்கியை மடித்துக் கட்டி, காலில் சலங்கை பூட்டி நின்று பாடுகிறார். பரதம் பயின்ற கால் அங்கே மறைந்துவிடவில்லை.

இதில் இழப்பு உண்டா? உண்டு என்றே கூறவேண்டும். குடுகுடிப் பாட்டின் விரைவில் கூட்டம் கைதட்டி ஆடும்போது, புகைக்கப்பட வேண்டியது நம் மோகம் என்னும் குறிப்பு கைதட்டலில் அமிழ்ந்துபோகிறது. தனிமையில் பிறந்த பாட்டு திருவிழாப் பாட்டாகிறது. ஆயினும் இக்குறையை முழுதும் பாடகர் மேல் ஏற்றுதல் நேர்மையன்று. சித்தர் பாட்டின் இயல்பே வெளியில் வேடிக்கையும் உள்ளே வினையுமாக இருப்பது. வேடிக்கையை நன்கு செய்யாதவன் உள்ளே எவரையும் அழைத்துச் செல்ல முடியாது. இரண்டாம் பாடலில் இவ்வழக்கே எழவில்லை. அது மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறது. ஒழுகும் வீட்டுக்குள் இருப்பவன் முதலில் முணுமுணுத்து, பின்னர் அழைத்து, இறுதியில் கதறுவதாக அந்த ஏற்றம் அமைகிறது. இசையமைப்பே பொருளுரையாக நிற்கும் இடம் இது. தொகுப்பின் உச்சம் இதுவே என்பது நம் கருத்து.

இந்திப் பாடல்களுள் மைசூர்ப் பெண்ணைப் பாடும் பாடல் துள்ளலாலும், இறைவனை விளித்து இன்னொரு வாய்ப்பு வேண்டும் பாடல் குரலின் ஆற்றலாலும் நிற்கின்றன. ஆங்கிலப் பாடல்கள் இரண்டும் இனிமையானவை. ஆனால் அவற்றை எந்த நகரத்து இளைஞனும் பாடியிருக்கலாம். அவற்றில் காலுக்குக் கீழே மண் இல்லை. உலகமொழி என்று கருதப்படும் ஆங்கிலத்தில் பாடியவை ஊர் அறியாதனவாகவும், ஒரு மாவட்டத்தின் பேச்சுவழக்கில் பாடியவை உலகம் கேட்பனவாகவும் அமைந்தது சிந்திக்கத்தக்கது.

உலகம் கேட்டது என்பது உபசார வார்த்தை அன்று. 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்தும் பி.பி.சி. தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் ரகு தீட்சித்தின் குழு தோன்றியது. அதனைத் தொடர்ந்து அந்நாட்டின் ஐட்யூன்ஸ் விற்பனைப் பட்டியலில் உலக இசைப் பிரிவில் இத்தொகுப்பு முதலிடம் பெற்றது. 2011இல் ‘சாங்லைன்ஸ்’ என்னும் இசை இதழ் புதுமுகத்திற்கான விருதை அளித்தது. அவ்வாண்டே கிளாஸ்டன்பரி இசை விழாவிலும் குழு பாடியது. கன்னடத்தில் ஓரெழுத்தும் அறியாத கூட்டம் ஷரீபுக்குக் கைதட்டியது.

இவ்வாறு ஒரு பாட்டு கடல் கடப்பதற்கு வேறு வழிகளும் உண்டு. இரண்டை மட்டும் ஒப்புநோக்குவோம்.

கனடா நாட்டுப் பாடகி ஷனாயா ட்வைன் 2002ஆம் ஆண்டில் ‘அப்!’ என்னும் தொகுப்பை வெளியிட்டார். கன்ட்ரி இசையில் தோன்றிப் பாப் இசையில் புகழ் பெற்றவர் அவர். அத்தொகுப்பின் பாடல்கள் மூன்று வகையாக ஒலிப்பதிவு செய்யப்பெற்றன. சிவப்புத் தட்டில் பாப், பச்சைத் தட்டில் கன்ட்ரி, நீலத் தட்டில் இந்தியத் திரையிசையின் சாயல். அந்நீலத் தட்டுக்கு உதவியவர்கள் பர்மிங்ஹாமைச் சேர்ந்த சைமன், டயமண்ட் துக்கல் என்னும் இந்திய வழிச் சகோதரர்கள். வட அமெரிக்கச் சந்தைக்குச் சிவப்பும் பச்சையும், பிற நாடுகளுக்குச் சிவப்பும் நீலமும் என்று பகுத்து அனுப்பினர். வணிக நோக்கில் இது தேர்ந்த திட்டம், தொழில்திறனிலும் குறைவில்லை. ஆனால் இங்கே பாட்டு ஓர் உடல். நாட்டுப்புற இசை அதன் மேல் போர்த்தும் ஆடை. எந்த ஊருக்குச் செல்கிறதோ அவ்வூர் ஆடையை அணிந்துகொள்ளும். கழற்றக்கூடியது மண்ணாகாது என்பதே நம் மறுப்பு.

இரண்டாம் வழி நம் உறவினளுடையது. ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, இளமையில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் இலண்டனிலும் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் பாடுபவர். 2007இல் அவர் வெளியிட்ட தொகுப்புக்குத் தம் தாயின் பெயரையே ‘கலா’ என்று வைத்தார். அதன் ஒரு பகுதிக்காகச் சென்னைக்கு வந்து உறுமிக் கலைஞர்களை ஒலிப்பதிவு செய்தார். நம் கோயில் கொடைகளில் முழங்கும் உறுமி மேனாட்டு நடனக் கூடங்களில் முழங்கிற்று. இது ஆடையன்று, எலும்புதான். ஆயினும் உறுமி சென்ற அளவுக்கு உறுமியோடு பிறந்த சொல் செல்லவில்லை. பாட்டின் மொழி ஆங்கிலமாகவே இருந்தது. அகதியாய்ச் சென்ற குடியின் மகளுக்குத் தாளம் எஞ்சியது. சொல் பெரும்பாலும் கடலில் போயிற்று. அதைக் குறையென்று கூறுதற்கு நமக்கு மனம் வரவில்லை. அது வரலாற்றின் வடு.

ரகு தீட்சித்தின் வழி மூன்றாவது. இங்கே கிதார் வந்தது, சொல் மாறவில்லை. இலண்டனுக்கென ஷரீபை அவர் ஆங்கிலமாக்கவில்லை. பாடுமுன் கருத்தைச் சில வார்த்தைகளில் சொல்லிவிட்டு, பாட்டை அதன் மொழியிலேயே பாடுகிறார். கேட்போர் பொருளைத் தேடி நம்மிடம் வரட்டும் என்னும் நம்பிக்கை அதில் உள்ளது. மூன்று வழிகளுள் மண்ணோடு சென்ற பாட்டு இதுவே என்று துணிந்து கூறலாம்.

இனி, நாம் தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை உலக மேடைக்கு ஏறியபோது கையில் எடுத்துச் சென்றது கன்னடச் சித்தரின் பாட்டு. இதனால் தமிழுக்கு இழுக்கா?

சிலர் அவ்வாறு கருதக்கூடும். அவர்களுக்கு நாம் கூறுவது இது. மைசூர் மண் அவருக்கு ஷரீபைக் கொடுத்தது. கன்னட நாட்டில் ஷரீப் பாவகீத மேடையில் இருக்கிறார், திரையில் இருக்கிறார், ஒலிநாடாவில் இருக்கிறார். வளரும் பிள்ளையின் செவியில் அவர் விழாமல் இருப்பதே அரிது. அவ்வாறு மஸ்தான் சாகிபு எந்தத் தமிழ்ப் பிள்ளையின் செவியில் விழுகிறார்? பாடத்திட்டத்தில் ஒரு செய்யுளாக வந்து தேர்வோடு போய்விடுகிறார். நா. வானமாமலை போன்றோர் அரும்பாடுபட்டுத் தொகுத்த நாட்டுப்பாடல்கள் நூலகத்தில் உள்ளன, வீட்டில் இல்லை. 1976இல் ‘அன்னக்கிளி’யின் வழியாக இளையராஜா நாட்டுப்புற இசையைத் தமிழ்நாடு முழுவதும் கேட்கச் செய்தது பெரும்பேறு. ஆனால் அதன்பின் நாட்டுப்பாடலுக்குத் திரை ஒன்றே மேடை என்று நாம் அமைதியுற்றோம். திரைக்கு வெளியே தனிப்பாடகன் கிதாரோடும் பழம்பாட்டோடும் நிற்கும் வழி நம்மிடையே குறுகியது. ஆகவே குற்றம் பிள்ளையின் தேர்வில் இல்லை. நாம் அவன் கையில் எதைக் கொடுத்தோம் என்பதில் இருக்கிறது.

இக்கூற்றுக்குச் சான்றாக இரண்டு செய்திகள் உள்ளன. ரகு தீட்சித் 2013இல் வெளியிட்ட ‘ஜக் சங்கா’ என்னும் இரண்டாம் தொகுப்பில் ‘அம்மா’ என்று ஒரு தமிழ்ப்பாடல் இடம்பெற்றது. மொழி போய்விடவில்லை, உள்ளே இருந்திருக்கிறது, தாயை விளிக்கும் போது வெளிவந்தது. மற்றொன்று 2021ஆம் ஆண்டில் தீ, அறிவு இருவரும் பாடி வெளிவந்த ‘என்சாயி எஞ்சாமி’. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பியவர்களின் நினைவை, தம் பாட்டியின் வாய்மொழியிலிருந்தும் ஒப்பாரியிலிருந்தும் அறிவு எடுத்துத் தந்தார். அவ்வாண்டே பிரெஞ்சு நாட்டு டி.ஜே. ஸ்னேக் அதற்கு ஒரு மறுவடிவம் செய்ய, அது பல நாடுகளுக்குச் சென்றது. தமிழ்ச்சொல் கடல் கடக்காது என்பார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுவதில்லை. புலம்பெயர்ந்து உழைத்த ஒரு கிழவி பாடிய பாட்டு, பேரனுக்குச் செவியில் கிடைத்தது. அதனால் உலகுக்கும் கிடைத்தது. செவியில் கிடைக்காததை எந்தப் பேரனும் பாட இயலாது.

இன்னொன்றையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். அல்சூர் ஏரியருகே 1991இல் அமைத்து, திறக்கப்படாமலே மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாட்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. பதினெட்டு ஆண்டுகள் அந்தத் துணிக்குள் வள்ளுவர் மட்டுமா இருந்தார்? இருமொழியாரின் அச்சமும் அதனுள் இருந்தது. காவிரியின் பெயரால் 1991இல் இந்நகரத் தெருக்களில் நிகழ்ந்தவற்றைப் பார்த்தவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். 2016இல் மீண்டும் கதவடைத்து இருந்தவர்களும் உள்ளனர். அந்நினைவுகளை மறந்துவிடு என்று எவரையும் கேட்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் சிலை திறந்த காலத்தை ஒட்டியே தமிழ் வீட்டுப் பிள்ளை ஒருவர் ஷரீபை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார் என்பதையும் அதே நினைவில் வைத்தல் நலம். அரசுகள் உடன்பட்டுச் சிலை திறந்தன. அவர் எவரிடமும் உடன்பாடு கேளாமல் பாடினார்.

எனவே இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு சிறு வேண்டுகோளோடு முடிக்கிறோம். சங்கத்தின் ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் குறளை ஒப்பிக்கின்றனர், மகிழ்கிறோம். அடுத்த விழாவில் ஒவ்வொரு வீட்டுப் பாட்டியும் அறிந்த ஒரு தாலாட்டையோ நடவுப்பாட்டையோ பிள்ளை கற்றுவந்து பாடட்டும். கிதாரோடு பாடினும் தடையில்லை. சொல் மாறாதிருந்தால் போதும். அதே மேடையில் மஸ்தான் சாகிபுவின் கண்ணி ஒன்றைப் பாடியபின், ஷரீபின் ஒழுகும் வீட்டையும் ஒருவர் பாடட்டும். கீழே அமர்ந்திருக்கும் முதியவர்களுக்கு அதில் மூன்று சொற்களாவது உடனே விளங்கும். எஞ்சியவற்றை அடுத்த வீட்டுக் கன்னடக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் வீடு தொலைவில் இல்லை.